பழைய டர்ட் பைக்கைச் சாலைக்குக் கொண்டுவருவது, அதன் முகம் மாறாமல்

காட்டுப் பாதைக்கென்றே செய்த டர்ட் பைக்கைச் சாலைக்குப் பதிவு செய்ய, ஸ்பானரைத் தொடும் முன் ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஸ்டியரிங் கழுத்தைத் துடையுங்கள். வருஷக்கணக்கில் அப்பிய சேற்றுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா, கையிலிருக்கும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மீதி வேலை எல்லாம் வீண். அமெரிக்கச் சந்தைக்கு 1981 மாடலிலிருந்து 17 எழுத்து எண் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் எண் குட்டையாக இருக்கும். அது போலி எண் அல்ல, ஆனால் 17 கட்டம் கேட்கும் கணினி அதை ஏற்காது. கையால் பதியச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். பவுடர் கோட்டிங் கொடுக்கிறவர்கள் அந்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல மறக்கிறார்கள். நம்பர் பள்ளத்தில் பெயின்ட் நிரம்பிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டிய தடம் தெரிந்தால் ஆய்வாளர் திருட்டு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அடுத்தது சட்டம். சில நாடுகளில் உறுதிமொழிப் படிவம், உபகரணப் பட்டியல், ஒரு ஆய்வு என்று முடிந்துவிடும். சில நாடுகளில், தொழிற்சாலைச் சான்றிதழில் ‘சாலைக்கு அல்ல’ என்று இருந்தால் கதவே திறக்காது. இன்னும் சில இடங்களில் விளக்கு, ஹாரன் எல்லாம் சரியாக இருந்தும், புகை விதிக்கு உட்பட்டது என்ற லேபிள் ஃப்ரேமில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் வண்டி வாங்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டியல்தான் இனி வரைபடம். அதில் இல்லாத ஒன்றையும் வண்டியில் மாட்டாதீர்கள். இண்டிகேட்டர் கட்டாயமில்லை, கை சைகை போதும் என்றிருந்தால் இண்டிகேட்டரே வேண்டாம். பழைய தோற்றத்தைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

தோற்றத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரே விதிதான்: போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். ஃப்ரேமில் வெல்டிங் கூடாது, ஒரிஜினல் மட்கார்டில் ஓட்டை கூடாது, ஒரிஜினல் வயரிங்கை எங்கும் வெட்டக்கூடாது. ஓட்டை போட வேண்டியிருந்தால் அதே அச்சில் வரும் புது பிளாஸ்டிக் மட்கார்டை வாங்கி அதில் போடுங்கள். பழையது துணி சுற்றி அட்டத்தில் இருக்கட்டும். மஞ்சள் பாய்ந்த வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிக்கிற யோசனையும் வேண்டாம். ஆறு மாதத்தில் உரியும், உரிந்த பிறகு பழைய மஞ்சளே தேவலை என்று தோன்றும்.

அந்தக் காலத்து டர்ட் பைக் பலவற்றுக்குச் சாலையில் ஓடிய ஓர் உடன்பிறப்பு உண்டு. யமஹா டிடி500க்கு எக்ஸ்டி500, சுசுகி டிஆர்350க்கு டிஆர்350எஸ், ஹோண்டாவின் பழைய எக்ஸ்ஆர்களுக்கு எக்ஸ்எல். வேண்டிய சுவிட்ச், பிரேக் லிவர் தாங்கி, மிரர் திருகும் மரை, பின் பிரேக் சுவிட்ச், சில நேரம் ஸ்டேட்டர் (என்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் காயில்கள்) தட்டே கூட அந்த வண்டியிலிருந்து அப்படியே வந்து உட்காரும். பிளாஸ்டிக்கின் தேய்மானமும் நிறமும் ஒரே காலத்தவை என்பதால் கண்ணை உறுத்தாது. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸ்ஆர்650ஆர், எக்ஸ்ஆர்650எல் என்று ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முன்னது தண்ணீரில் குளிரும் என்ஜினும் அலுமினிய ஃப்ரேமும் கொண்டது, பின்னது காற்றில் குளிரும் என்ஜினும் இரும்பு ஃப்ரேமும். இரண்டுக்கும் இடையே பாகம் மாற்ற நினைத்தவர்கள் பெட்டி பெட்டியாக உதவாத சாமான் வைத்திருக்கிறார்கள்.

கரண்ட் கணக்கு

இந்த வேலையில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். விளக்கு, ஹாரன் எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு, பிறகு கரண்ட் எங்கிருந்து வரும் என்று தேடுவார்கள்.

பந்தயத் தடத்துக்கு மட்டும் செய்த மோட்டோகிராஸ் வண்டியில் ஸ்டேட்டர் ஸ்பார்க்குக்கு மட்டும்தான். லைட்டிங் காயிலே கிடையாது. நெடுந்தூரக் காட்டுப் பாதைக்கான எண்டியூரோ ரக வண்டியில் இருக்கும், ஆனால் அது கொடுப்பது திசை மாறிமாறி ஓடும் ஏசி கரண்ட். பல்பு ஏசியில் எரியும். ஹாரன், இண்டிகேட்டரை மினுக்கும் ஃபிளாஷர், பேட்டரி மூன்றுக்கும் ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும்.

பழைய பல்புக் கணக்கு இது: ஹெட்லைட் 35 வாட், டெயில் 5, பிரேக் 21, ஒரு பக்க இண்டிகேட்டர் இரண்டு பல்பு 10 வாட் வீதம் 20. இண்டிகேட்டர் பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 10 என்று வையுங்கள். கூட்டினால் 71 வாட். பேட்டரி சார்ஜுக்கும் ஹாரனுக்கும் இதில் இடமில்லை. அதே வேலையை எல்இடியில் போட்டால் ஹெட்லைட் 18, டெயில் 1, பிரேக் 3, இண்டிகேட்டர் 1 என 23 வாட்டில் முடிந்துவிடும். எண்டியூரோ வண்டியின் பழைய காயிலே இதைத் தாங்கக்கூடும். தாங்குமா என்று பார்க்க, லைட்டிங் காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் 35 வாட் பல்பை நேராக மாட்டி, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து என்ஜினை மெல்ல முடுக்குங்கள். நடு வேகத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் பார்ப்பதால் 15 தாண்டும்போதே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பல்பு போய்விடும்.

போதவில்லை என்றால் காயில் கட்ட வேண்டும். பழைய லைட்டிங் காயிலைப் பிரித்து, சுமார் 1 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியைச் சுற்றுவது வழக்கம். ஸ்டேட்டரின் பக்கத்துப் பக்கத்து இரும்புக் கட்டைகளில் சுற்றும் திசை மாறிமாறி வர வேண்டும், ஏனென்றால் சுற்றும் மேக்னட்டின் (காந்தம் ஒட்டிய சக்கரம்) துருவமும் மாறிமாறித்தான் கடக்கிறது. ஒரு கட்டையில் திசை தப்பினால் அது பக்கத்துக் கட்டை கொடுத்ததைத் தின்றுவிடும். மீட்டரில் தொடர்ச்சி சரியாகக் காட்டும், வெளிச்சம் மட்டும் வராது. கம்பி தடித்துச் சுற்று குறைந்தால் மேல் வேகத்தில் கரண்ட் நிறைய வரும், ஐடிலில் வோல்ட் விழுந்துவிடும். வாட்டை மட்டும் பார்த்துக் கட்டியவர்களின் வண்டி காட்டுப் பாதையில் பளிச்சென்று எரியும், சிக்னலில் நின்றால் கண் சொருகும். ஸ்பார்க்குக்கு உயிர் கொடுக்கும் மெல்லிய கம்பிக் காயில் அதே தட்டில் இருக்கும். அதன் பக்கம் கை போகவே கூடாது. அந்தத் தலைமுடி போன்ற கம்பி அறுந்தால் வண்டியே கிளம்பாது.

மேக்னட்டைக் கழற்ற அதற்கென்று மரை உள்ள புல்லர் வேண்டும். சில வண்டிகளில் அது இடது மரை. மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுப்பதும், சுத்தியலால் தட்டுவதும் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பெயர்த்துவிடும். திரும்ப மாட்டும்போது மேக்னட்டின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். அரை நிலா வடிவச் சாவி, சின்ன வாஷர், இரும்புத்தூள் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஒரு வாஷர் உள்ளே இருந்துவிட்டால் முதல் கிக்கிலேயே புதுக் காயிலை உழுதுவிடும்.

எர்த்தைத் தூக்குவது

பழைய லைட்டிங் காயிலின் ஒரு முனை ஸ்டேட்டர் இரும்பிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஏசிக்கு அது போதும். ஆனால் ஏசியின் இரண்டு பாதி அலையையும் டிசி ஆக்கும் முழு அலை ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை அப்படியே மாட்டினால், ஒரு பாதி அலை பேட்டரிக்குப் போகும், மறு பாதி எர்த் வழியாக ரெக்டிஃபையரில் கரண்டை ஒரே திசையில் விடும் ஒரு டயோடுக்குள் புகுந்து காயிலுக்கே ஷார்ட்டாகத் திரும்பும். சார்ஜ் அரைகுறையாக இருக்கும், காயில் சூடேறும், ரெக்டிஃபையர் சில நாளில் கருகும். கடைக்காரர் மட்டமான ரெக்டிஃபையர் கொடுத்தார் என்று இரண்டாவது, மூன்றாவது வாங்கி எரித்தவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டேட்டரை மேசையில் வைத்து, இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் அந்த முனையின் ஈயத்தை உருக்கி மெல்ல நிமிர்த்துங்கள். கம்பி ஏற்கெனவே பல வருஷச் சூட்டில் வெந்தது, இரண்டு தடவை மடித்தால் ஒடியும். எனாமலை ஒரு சென்டிமீட்டர் சுரண்டி, எண்ணெயும் சூடும் தாங்கும் வயரை அதில் பற்றவைத்து, கண்ணாடி நார் ஸ்லீவ் ஏற்றி, இணைப்பின்மேல் எபாக்ஸி பூசி, நூலால் பக்கத்துச் சுற்றோடு கட்டிவிடுங்கள். அதே ஸ்டேட்டரில் ஸ்பார்க் காயிலும் எர்த் ஆகியிருக்கும், அதைத் தூக்கிவிடாதீர்கள். முடிந்ததும் மீட்டரின் ஒரு முள்ளை ஸ்டேட்டர் இரும்பிலும், மற்றதை லைட்டிங் காயிலின் ஒவ்வொரு முனையிலும் வையுங்கள். இரண்டிலும் தொடர்பே காட்டக்கூடாது. இரண்டு முனைக்கும் நடுவே மட்டும் ஓர் ஓம் அளவில் தெரிய வேண்டும். இப்போது இரண்டு முனையும் ரெக்டிஃபையரின் இரண்டு ஏசி வயருக்குப் போகும். பழைய ஏசி ரெகுலேட்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அதுவும் புதியதும் ஒரே காயிலில் சேர்ந்து இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

பேட்டரி எங்கே வைப்பது? அந்தக் கால எண்டியூரோ வண்டிகளில் பின் மட்கார்டின் மேல் ஒரு சின்ன டூல் பை இருக்கும். 2 முதல் 4 ஆம்பியர் மணி பேட்டரி அதற்குள் சமர்த்தாக உட்காரும், வெளியே பார்க்கிறவர் அது ஸ்பானர் பை என்றே நினைப்பார். இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல். பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி போட்டால் என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 14 முதல் 14.5 வோல்ட் நல்லது, 15 தாண்டினால் அந்த ரெக்டிஃபையர் அதற்கு ஆகாது. கிக்கர் வண்டிக்குப் பேட்டரி இல்லாமல் 25 வோல்ட் தாங்கும் 10,000 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட கெப்பாசிட்டரும் போடலாம். எடை இல்லை, இடம் வேண்டாம். என்ஜின் அணைந்தால் விளக்கும் ஹாரனும் அணையும். அதை ஏற்காத ஆய்வாளரும் உண்டு, ஆகவே பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாவி சுவிட்சில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வண்டிகளின் ஏசி சிடிஐ (ஸ்பார்க்கைக் கொடுக்கும் மின்னணுப் பெட்டி) இக்னிஷனுக்குப் பேட்டரி கரண்ட் தேவையில்லை. அதை நிறுத்துவது, ஒரு வயரை எர்த்தோடு தொடவைப்பதால்தான். ஹோண்டாவில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். ஆகவே சாவியை அணைத்தால் பேட்டரி வயர் பிரிய வேண்டும், அதே நேரத்தில் இந்த வயர் பச்சை எர்த்தோடு சேர வேண்டும். வேறு ரக வண்டியின் சாவி சுவிட்சை மாட்டி, கறுப்பு வெள்ளை வயரில் 12 வோல்ட் ஏற்றிவிட்டால் சிடிஐ அந்த நொடியே செத்துப்போகும். பழைய வண்டிக்கு ஒரிஜினல் சிடிஐ தேடுவது எளிதல்ல.

வயரிங்கைத் தனி மாலையாகக் கட்டுங்கள், ஒரிஜினலோடு கலக்காமல். விளக்குகளுக்கு முக்கால் முதல் 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். ஜப்பானிய வண்டிகளில் இருப்பதுபோலப் பித்தளை புல்லட் முனைகளைக் கிரிம்ப் செய்யுங்கள். வயரைக் குத்திப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் மழைக்கு முன்பே துருவேறும். எர்த்துக்கு ஃப்ரேமை நம்ப வேண்டாம். ஹெட்லைட்டின் எர்த் ஸ்டியரிங் பேரிங் வழியாகப் போனால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வெளிச்சம் மினுக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயரைப் பேட்டரி வரை கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் கழுத்தில் வயர் வளையும் இடத்தில் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் இறுகாத அளவு விட்டுக் கட்டுங்கள். பின்னால் வயர் அறுவது அங்கேதான். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு ஒடிந்திருக்கும்.

விளக்கும் மட்கார்டும்

ஹெட்லைட்டுக்கு, ரப்பர் பட்டைகளில் ஃபோர்க்கோடு கட்டும் அந்தக் காலக் கூடு இருந்தால் அதையே வையுங்கள். பல்பு மாற்றும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 35 வாட்டுக்குச் செய்த பிளாஸ்டிக் பிரதிபலிப்பானில் 55 வாட் போட்டால் உருகும். எல்இடி பல்பைத் திணித்தால் உருகாது, ஆனால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும், ஆய்வில் ஒளி எல்லை சரியாக விழாது. அங்கீகார எழுத்து பொறித்த, எல்இடிக்கென்றே செய்த சின்ன ஹெட்லைட்டைப் பழைய கூட்டுக்குள் வைத்துப் பொருத்துவதே தோற்றத்தையும் காக்கும், ஆய்வையும் தாண்டும். ஹை பீமுக்கு நீல விளக்கு ஒன்று கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பலர் தோற்பது இந்த 3 மில்லிமீட்டர் விளக்கால்.

இண்டிகேட்டர் கட்டாயமென்றால் இடைவெளி அளவும் உண்டு. அமெரிக்க விளக்கு விதியில் முன்னது இரண்டும் மையத்துக்கு மையம் 16 அங்குலம், பின்னது 9 அங்குலம் குறையாமல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். எல்இடிக்குப் பழைய ஃபிளாஷர் ஒத்துவராது, படபடவென்று அடிக்கும். ஸ்பீடோமீட்டர் பலகையில் ஒரே ஒரு இண்டிகேட்டர் அறிகுறி விளக்கு இருந்தால் இன்னொரு வேடிக்கை: இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னும். கரண்ட் அந்த ஒற்றைப் பல்பு வழியாக மறுபக்கம் கசிகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு 1என்4007 டயோடு போட்டு, அறிகுறி விளக்கின் மறுமுனையை எர்த் செய்தால் நின்றுவிடும்.

பின் மட்கார்டுதான் அடிக்கடி உடையும் இடம். டெயில் லைட், நம்பர் பிளேட், அதற்கான வெள்ளை விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாக்கின் நுனியில் தொங்கி அதிர்ந்தால் போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அடியில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மட்கார்டின் வளைவுக்கே வளைத்து, சீட்டின் பின் போல்ட் வரை கொண்டுபோய் முடுக்குங்கள். எடை பிளாஸ்டிக்கில் இல்லாமல் ஃப்ரேமில் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பெரிய அகல வாஷர், நடுவில் ரப்பர். முழு அமுக்கத்தில் டயர் அந்தத் தகட்டைத் தொடுகிறதா என்று பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பிரேக், மிரர், டயர்

முன் லிவர், பின் பெடல் இரண்டும் தனித்தனியே பிரேக் லைட்டை எரிக்க வேண்டும். முன்னால் டிஸ்க் என்றால், பிரேக் குழாயைப் பிடிக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குப் பதில் அழுத்தச் சுவிட்ச் போல்ட் போடலாம். ஜப்பானிய மாஸ்டர் சிலிண்டர்களில் பொதுவாக 10 மில்லிமீட்டர், 1.25 மில்லிமீட்டர் இடைவெளி மரை, ஐரோப்பியவற்றில் பல 1.0 மரை. தப்பானது இரண்டு சுற்று ஏறி இறுகும், அந்த இடத்தில் பலம் காட்டினால் மாஸ்டர் சிலிண்டரே போய்விடும். இரண்டு பக்கமும் புது வாஷர், பிறகு பிரேக் குழாயில் காற்றெடுப்பு. முன்னால் டிரம் என்றால் உடன்பிறப்பு வண்டியின் லிவர் தாங்கியிலேயே சுவிட்ச் இருக்கும், மிரர் மரையும் அதிலேயே வரும். யமஹாவில் வலது மிரர் இடது மரை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பின் பெடலுக்கு ஸ்பிரிங் இழுக்கும் சுவிட்ச் போதும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் விளக்கு எரியும்படி நட்டைத் திருகுங்கள்.

ஹாரனை அதோடு வந்த எஃகுப் பட்டையிலேயே தொங்கவிடுங்கள். நேராக ஃப்ரேமில் இறுக்கினால் தொண்டை கட்டியதுபோல் கத்தும்.

மோட்டோகிராஸ் பட்டன் டயரின் பக்கச் சுவரில், நெடுஞ்சாலைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே இருக்கும். ஆய்வாளர் குனிவது அதைப் படிக்கத்தான். சாலைக்கு ஏற்றது என்று காட்டும் டிஓடி (அமெரிக்கா) அல்லது வட்டத்துக்குள் ஈ (ஐரோப்பா) முத்திரை வேண்டும். அதற்காகச் சாலை டயர் போட்டு வண்டியின் முகத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. டன்லப் டி606, பிரெல்லி எம்டி21 போன்றவை சாலை முத்திரையோடு வரும் பட்டன் டயர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பழையபடியே தெரியும். பின் ரிம் 18 அங்குலமென்றால் தேர்வு நிறைய. மோட்டோகிராஸின் 19 அங்குலத்தில் கொஞ்சம்தான். டயர் நழுவாமல் ரிம்மோடு பிடிக்கும் ரிம் லாக் இருக்கும் சக்கரத்தை அப்படியே விட்டால் 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஹேண்டில் துள்ளும், எதிர்ப்பக்க ஸ்போக்கில் எடை கட்டிச் சமன்செய்யுங்கள். ஸ்பீடோமீட்டர் டிஜிட்டல் என்றால், ஆள் உட்கார்ந்த நிலையில் சாக்பீஸ் குறி போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்த நீளத்தைக் கொடுங்கள். 21 அங்குல முன் சக்கரத்துக்கு அது 2.1 மீட்டரைத் தாண்டும்.

கியர் விகிதம் காட்டுக்கென்று குட்டையாக இருக்கும். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டி 13லிருந்து 14 ஆக்கினால், அதே வேகத்தில் என்ஜின் சுமார் 7 சதவீதம் மெதுவாகச் சுற்றும். பின்னால் 48 பல்லை 45 ஆக்குவதும் ஏறக்குறைய அதே பலன்தான், ஆனால் செலவு அதிகம். ஸ்பிராக்கெட் மூடிக்கும் செயினுக்கும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் நீளமான இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டே இறங்கக்கூடாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் அதன் உயிர், பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள்.

ஆய்வுக்குப் போகும் காலையில் வண்டியை ஐடிலில் விட்டு, ஹெட்லைட் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே ஹாரன் அடியுங்கள். மூன்றும் சேர்ந்து தாங்கினால் மற்றவை தாங்கும். கூடவே உதிரி ஃபியூஸ் இரண்டு, அலுவலகம் எழுதிக் கொடுத்த பட்டியல், பாகங்களின் ரசீது எல்லாம் பையில் இருக்கட்டும். பதிவு முடிந்து முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மட்கார்டு தகடு, மிரர், நம்பர் பிளேட் போல்ட்டுகளை ஒரு சுற்று முடுக்குங்கள். கழுத்து வயரை விரலால் அமுக்கிப் பாருங்கள். மேக்னட் மூடியின் கேஸ்கெட் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள், புது வயர் வெளியே வரும் ரப்பர் அடைப்புதான் முதலில் கசியும்.